சார் பொடி

மருத்துவம் படிக்காத நான், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்த பெண்களுக்கு அவர்கள் உடம்பின் மிக அந்தரங்கமான இடத்துக்கு மருந்து கொடுத்துவந்தேன். யாரையும் பரிசோதித்ததில்லை, பரிசோதிக்கும் தகுதியும் எனக்குக் கிடையாது. என்ன தொந்தரவு என்று ஒருத்தியிடம்கூட நேரில் கேட்டதில்லை. அவர்களில் ஒருத்தியின் கருக்குழாய்கள் கெட்டுப்போயின. அதில் என் பங்கு பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், அதுவரை நான் சொன்னதெல்லாம் சாக்காகத் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. திருப்பூரில் தெருவுக்குத் தெரு மெஷின் ஓடிய காலம். கம்பெனி என் சித்தப்பா மகனுடையது. நான் முதுகலைத் தாவரவியல் படித்து, சில ஆண்டுகள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, அவன் கூப்பிட்டதால் நிர்வாகம் பார்க்க வந்தவன். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, கேட் பாஸில் கையெழுத்துப் போடுவது எல்லாம் என் வேலை. வேலை நேரத்தில் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் என் மேசைக்கு வந்து ஒரு பேரேட்டில் பெயர், நேரம், காரணம் மூன்றும் எழுத வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால் வாட்ச்மேன் விடுவார்.

நாங்கள் தைத்தது ஏற்றுமதிக்கான பெண்கள் உள்ளாடை. இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துத் தைக்கும் துண்டுத் துணிக்கு கசெட் என்று பெயர். பவர்டேபிள் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண், நாலு மெஷின் தள்ளி நிற்கும் ஆண் சூப்பர்வைசரைப் பார்த்து, "சார், கசெட் தையல் ஓப்பனாயிருக்கு, பிரிச்சுத் தைக்க ஆல்டருக்குப் போடவா?" என்று கூச்சமில்லாமல் சத்தம் போட்டுக் கேட்பாள். தைக்கும் துணியின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவர்களிடம் ஒரு வார்த்தை இருந்தது. அதே பெண், ஹாஸ்டலுக்குப் போய்த் தன் உள்ளாடையைத் துவைத்து, கொடியில் துண்டைப் போட்டு, அந்தத் துண்டுக்கு அடியில் அதை மறைத்துக் காயப்போடுவாள். வெயில் படாத ஈரத் துணியை மறுநாள் உடுத்திக்கொண்டு பத்து மணி நேரம் ஸ்டூலில் உட்காருவாள். வரிசையாக மெஷின் போட்ட லைனை விட்டு எழுந்து கழிப்பறைக்குப் போக ஒரு அட்டை உண்டு. லைனுக்கு இரண்டே அட்டைகள். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். இந்த அட்டை முறையைக் கொண்டுவந்தவனும் நான்தான்.

ஒரு கோடையில் செக்கிங் பிரிவின் மூத்த பெண் என் மேசைக்கு வந்தார். எங்கள் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். பெண்கள் என்னிடம் சொல்ல முடியாததை இவரிடம் சொல்வார்கள். இவர் என்னிடம் சொல்வார். அன்று பேரேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புள்ளைகளுக்குச் சூடு சாஸ்தியாயிருச்சுங்க சார். உக்காந்து தைக்க முடியறதில்லீங்க."

சூடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடக்கம். நமைச்சல், எரிச்சல், வெள்ளைப்படுதல், நாற்றம், அடிவயிற்று வலி, எல்லாமே சூடுதான். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. மேற்கொண்டு கேட்டால் அநாகரிகம் என்று எண்ணினேன்.

எனக்கு மூலிகை தெரியும். தெரியும் என்று நினைத்ததல்ல, உண்மையிலேயே தெரியும். ஒரு இலையைக் காட்டினால் அதன் குடும்பம், பேரினம், சிற்றினம் வரை சொல்வேன். கடுக்காய், தான்றிக்காய், நெல்லி வற்றல் மூன்றையும் கொட்டை நீக்கி இடித்தேன். நிழலில் உலர்த்திய வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்தேன். கொஞ்சம் படிகாரத்தைப் பொரித்துக் கலந்தேன். இரண்டு கைப்பிடி கொள்ளும் பைகளை வெட்டுத் துணியில் தைக்கச் சொல்லி, அவற்றில் பொடியைக் கட்டினேன். கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, காலையும் மாலையும் கழுவ வேண்டும். உள்ளேயும் படும்படி கழுவ வேண்டும். வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். வாரம் இருமுறை சோற்றுக்கற்றாழை. இதையெல்லாம் செக்கிங் பெண் மூலம் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாளில் இரண்டு பேருக்கு நமைச்சல் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. அது பொடியால் நின்றதா, தானாக நின்றதா, அவர்கள் என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னார்களா என்று நான் ஆராயவில்லை. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் "இன்னொரு தொட்டியில் மருந்து போடாமல் வளர்த்துப் பார்த்தாயா?" என்று மடக்கியவன் நான். எனக்கு நானே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பொடிக்குப் பெயர் வந்துவிட்டது. சார் பொடி. ஹாஸ்டலில் ஒரு பை, லைன் வீடுகளில் ஒரு பை. ஊருக்குப் போகிறவர்கள் அக்கா தங்கைக்கென்று வாங்கிப் போனார்கள். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையருக்காகத் தொழிலாளர் நலன் பார்க்க வந்த ஆடிட்டர் பொடிப் பையைப் படமெடுத்துக்கொண்டு என் கையைக் குலுக்கினார். கழிப்பறை அட்டைகளை அன்று மட்டும் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தோம். பொடி வந்த பிறகு பிள்ளைகள் லீவே கேட்பதில்லை என்று சித்தப்பா மகனுக்கு ஏக சந்தோஷம். அவன் பாராட்டியதில் எனக்கும் உச்சி குளிர்ந்தது.

தென் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் எங்களிடம் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் தைத்தாள். கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகி மூன்று வருடம். புருஷன் ஒரு சாயப்பட்டறையில் வேலை. கம்பெனிக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். இன்னும் குழந்தை இல்லை. ஒரு குழந்தை உண்டானதும் ஊருக்குத் திரும்பி, ஒரு மெஷினைப் போட்டு வீட்டிலேயே தைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். லைனில் எல்லோருக்கும் தெரிந்த திட்டம் அது. "எந்த மாசம் நிக்குதோ அந்த மாசமே வேலைய விட்டு நின்னுருவேன்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாளாம்.

அவள் முதல் தடவை பேரேட்டுக்கு வந்தபோது காரணக் கட்டத்தில் "வயிற்று வலி" என்று எழுதினாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு நாளில் முடிய வேண்டிய ஆர்டர் ஒன்று இருந்தது. சாயங்காலம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு, செக்கிங் பெண்ணிடம் ஒரு பொடிப் பை கொடுத்தேன். அவள் வாய்விட்டுச் சொல்லாமலேயே நான் புரிந்துகொண்டதை என் நாகரிகம் என்று நினைத்தேன்.

இரண்டாம் தடவை சில வாரம் கழித்து வந்தாள். அதே காரணம். பொடி தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அன்றும் பையைத்தான் கொடுத்தேன், இந்த முறை என் கையாலேயே. அவளுக்கு நாற்றத்தோடு போய்க்கொண்டிருந்தது, அடிவயிறு இழுத்துப் பிடித்தது, உறவின்போது வலித்தது. இவையெல்லாம் பின்னால் தெரிந்தவை. அவள் என் பொடித் தண்ணீரால் ஒரு வேளைகூடத் தவறாமல் உள்ளே கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள், தையலிலும் அப்படித்தான்.

மூன்றாம் தடவை அவள் வந்தது, ஏற்றுமதிச் சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றும் வாரம். "சொந்த வேலை" என்று எழுதியிருந்தாள்.

"என்ன சொந்த வேலை?" என்றேன்.

"ஒரு டாக்டர் வீடு வரைக்கும் போகணுங்க சார்." அந்த 'ங்க' எங்கள் ஊருக்கு வந்த பிறகு அவள் கற்றுக்கொண்டது.

"கன்டெய்னர் போகட்டும்மா. அப்புறம் ரெண்டு நாள் சேர்த்தே எடுத்துக்க. பொடிய விடாம போடு."

"சரிங்க சார்" என்று போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாதா என்று கேட்கலாம். அந்த மாதம் முழுக்க ஞாயிறும் வேலை. மாலையில் போகக் கூடாதா என்றால், நாங்கள் விடும் நேரத்தில் எந்தப் பெண் டாக்டரும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

நான்காம் நாள் மத்தியானம் மெஷினிலேயே சாய்ந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கம்பெனி வேனில் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் கொண்டுபோனோம். நானும் செக்கிங் பெண்ணும் கூடப் போனோம். பரிசோதித்துவிட்டு டாக்டர் வெளியே வந்து, எதை வைத்துக் கழுவினாள் என்று கேட்டார். பொடிப் பை செக்கிங் பெண்ணின் கையிலேயே இருந்தது. யார் கொடுத்தது என்று அடுத்த கேள்வி.

"நானுங்க" என்றேன்.

"நீங்க என்ன படிச்சிருக்கறீங்க?"

"தாவரவியலுங்க. முதுகலை."

"அப்பச் செடிக்கு வைத்தியம் பாக்கோணுங்க நீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "ஊட்டுல தயிர்ப் பானை இருக்குதுங்களா? அதத் தெனம் ரெண்டு வேள படிகாரத்துல கழுவி ஊத்துனா அப்பறம் ஒறை குத்துமுங்களா? பொம்பளைக்கு உள்ளயும் அந்த மாதிரி ஒறை இருக்குதுங்க. வெளிய இருந்து வர்ற கெட்டத உள்ள உடாம அதுதான் காவல் நிக்கறது. அதத்தான் தொடச்சு எடுத்துட்டீங்க."

அவளை அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் இருந்தாள். தொற்று கர்ப்பப்பையைத் தாண்டிக் குழாய்களுக்கு ஏறியிருந்தது. காய்ச்சல் இறங்கிய பின் செய்த சோதனையில் ஒரு குழாய் அடைபட்டுவிட்டது என்றும், மற்றது பாதி என்றும் சொன்னார்கள். இயல்பாகக் கரு நிற்கும் வாய்ப்பை டாக்டர் ஒரே வார்த்தையில் சொன்னார்: குறைவு.

நான் இரண்டு வாரம் கழித்து மறுபடி ராயபுரம் போனேன். இந்த முறை நோயாளி இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. மாணவன் மாதிரி எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். டாக்டர் சிரித்தாலும் சொல்லிக்கொடுத்தார். திரிந்த தயிர் போல வந்து நமைச்சல் எடுத்தால் அது ஒரு வகைப் பூஞ்சை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், அதிகமாக ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் எளிதில் வரும். மீன் நாற்றத்தோடு மெல்லியதாகச் சாம்பல் நிறத்தில் வந்தால் அது வேறு. அதற்கு மருந்தும் வேறு. பச்சையாக நுரைத்து வந்தால் பெரும்பாலும் உறவால் பரவுவது. அதற்குப் புருஷனும் சேர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டும். சிலவற்றுக்கு அடையாளமே தெரியாது. மெல்ல மேலே ஏறும். கண்ணால் பார்த்தும் சில நேரம் சொல்ல முடியாது, சோதனைக்கு எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் நான் ஒரே பொடியைக் கொடுத்திருக்கிறேன். வேம்பும் மஞ்சளும் கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, அதில் வைத்தால் கொல்லும். அதை நானே தட்டில் பார்த்திருக்கிறேன். உடம்பு கண்ணாடித் தட்டு அல்ல. வெளியே சுத்தமான தண்ணீர் போதும், உள்ளே எதுவும் வேண்டாம். இதை இப்போது எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

சொல்லவும் செய்தேன். ஒரு மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்றேன். வெள்ளைப்படுதல் என்ற சொல்லை அத்தனை பெண்களுக்கு முன்னால் வாழ்க்கையில் முதல் முறையாக உச்சரித்தேன். தெரியாமல் மருந்து கொடுத்தேன், அது தவறு, இனி யாரும் அந்தப் பொடியைப் பயன்படுத்த வேண்டாம், தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்தது கோபத்தை. வந்தது வேறு.

"சார் பொடி நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு" என்றார் செக்கிங் பெண், எல்லோருக்கும் கேட்கும்படி. "டாக்டர்கிட்டப் போனாத் துணிய அவுக்கோணும். எத்தன நாளா, ஆரோடன்னு கேட்டாச் சொல்லோணும். உங்க பொடிக்கு வாயக்கூடத் தொறக்க வேண்டீதில்லீங்களே."

மிச்சமிருந்த பொடியைக் கம்பெனிக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டினேன். அடுத்த வாரமே நாட்டு மருந்துக் கடையில் அதே சரக்குகளைச் சொல்லி, சிலர் வாங்கி இடித்துக்கொண்டார்கள். கலவையின் அளவு எல்லோருக்கும் மனப்பாடம். அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அந்த ஓவர்லாக் பெண்ணுக்கு வந்தது உறவால் பரவும் வகை என்றும், புருஷன் மாத்திரை சாப்பிட மறுக்கிறான் என்றும் டாக்டர் ஆள் விட்டுச் சொன்னார். அந்த ஒரு வேலைக்கு ஆண்தான் வேண்டும். நான் போனேன். சாயப்பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவனை உட்காரவைத்தேன். விரல் நகமெல்லாம் நீலம். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் எதற்கு மாத்திரை தின்ன வேண்டும் என்றான். ஆணுக்கு அறிகுறியே இல்லாமல் இருக்கும் என்று விளக்கினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"அப்ப அவளுக்கு எங்கேருந்து சார் வந்துச்சு?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவன் மாத்திரையைத் தொடாமல் இருந்தான். எங்கிருந்து என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, உன்னிடமிருந்தும் வந்திருக்கலாம், கல்யாணத்துக்கு முந்தியே உனக்குத் தெரியாமல் உன் உடம்பில் இருந்திருக்கலாம் என்றேன். அதைக் கேட்பதை இன்றோடு விட்டுவிடு, அவளிடம் ஒருபோதும் கேட்காதே என்றேன். அவள் நோயை முற்றவிட்டது நான்தான், திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு என்றும் சொன்னேன். அவன் திட்டவில்லை. மாத்திரை முடியும்வரை குடிக்கக் கூடாது என்றதும், "அதுவும் போச்சா சார்?" என்றான். ஆனால் சாப்பிட்டான். அந்த ஒரு வாரமும் தினம் டீக்கடைக்குப் போய், அவன் சாப்பிடுவதை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகுதான் அவளைப் பார்க்கப் போகத் துணிவு வந்தது. லைன் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். செக்கிங் பெண் கூட இருந்தார். நான் வாசல்படியிலேயே நின்று, அந்தப் பொடியைக் கொடுத்தது பெரிய பாவம், மன்னிக்க வேண்டும் என்றேன். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள்.

அவள் முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள்: "பொடிக்கு என்ன சார். எங்க ஊர்ல போனாலும் எவளாச்சும் ஒண்ண அரைச்சுத்தான் குடுத்திருப்பா. நான் வெளிய விடுங்கன்னு மூணு தடவ வந்து நின்னேன். நீங்க விடல. அதத்தான் சார் என்னால மறக்க முடியல."

'ங்க' இல்லாமல் பேசினாள். அதுவரை நான் வருந்திக்கொண்டிருந்தது என் அறிவு பிசகியதற்காக. படித்தவன் தப்பாகக் கணித்துவிட்டான் என்கிற வருத்தத்தில் கொஞ்சம் சுகமும் இருக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அந்தச் சுகம் எதுவும் இல்லை.

மறுநாள் பேரேட்டில் காரணக் கட்டத்தை அடித்தேன். பெண்கள் பெயரும் நேரமும் எழுதினால் போதும், காரணம் வேண்டாம். கையெழுத்தும் என்னுடையது வேண்டாம், செக்கிங் பெண்ணுடையது போதும். கழிப்பறை அட்டைகளை எடுத்துவிட்டேன். சித்தப்பா மகன் கொதித்துப்போனான். "எல்லாரும் சினிமாவுக்குப் போயிருவாளுக அண்ணா" என்றான். போகட்டும் என்றேன். மாற்ற வேண்டுமென்றால் வேறு மேனேஜரைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன். அவன் பார்க்கவில்லை.

சினிமாவுக்கும் போனார்கள், ஒரு சிலர். எனக்குத் தெரியும், விட்டுவிட்டேன். டாக்டரிடம் முதல் மாதம் யாருமே போகவில்லை. இரண்டாம் மாதம் செக்கிங் பெண்ணே போனார். பதினாறு வருட நமைச்சலாம், பார்த்தால் சர்க்கரை. சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கியதும் நமைச்சல் நின்றது. அவர் லைன் லைனாக நின்று, டாக்டரம்மா துணியைப் போர்த்திவிட்டுத்தான் பார்க்கிறார், ஒன்றும் கூசவில்லை என்று சொன்ன பிறகு, இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். நான் பேசி நடக்காதது அவர் பேசி நடந்தது. நான் ஓய்வு பெறும் காலத்தில் ராயபுரம் டாக்டர் ஒருமுறை சொன்னார், இப்போதெல்லாம் உங்கள் கம்பெனிப் பெண்கள் முற்றவிட்டு வருவதில்லை என்று.

அவள் எங்கள் கம்பெனிக்குத் திரும்பவில்லை. அவிநாசிபாளையம் பக்கம் வேறொரு கம்பெனியில் ஒரு வருடம் தைத்தாள். சிகிச்சைக்கு எங்கே போவது என்று ராயபுரம் டாக்டரிடம் கேட்டு, கடிதம் வாங்கிக் கொடுத்தேன். புருஷன்தான் வந்து வாங்கிக்கொண்டான். பிறகு இருவரும் ஊருக்கே போய்விட்டார்கள். அங்கே வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறாள் என்று அவன் சொல்லித் தெரியும்.

அவன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்கிறான். உடம்பைக் கேட்பான், மழையைச் சொல்வான். குழந்தை உண்டா என்று நான் கேட்டதில்லை. உண்டானால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பான். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு வருடம், கொடுக்கட்டுமா சார், பேசுகிறீர்களா என்று அவனே கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மெஷின் நின்றது. "வேண்டாம்" என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. கோபமாகச் சொல்லவில்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் சங்கடப்பட்டுக்கொண்டு ஏதோ பேசினான். பரவாயில்லை, அவளை வேலை செய்ய விடு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.